குடம் இருந்த இடம்

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனம் நிம்மதியானது. மாடிப்படி ஏற வேண்டாம் என்று உன் மருமகள் சொல்வதைக் கேள், அக்கறையில்தான் சொல்கிறாள். இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்குச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. ஆவணியில் குழந்தைகளோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கேமரா கற்றுக்கொள்வது எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டு மாதமாக ஒரே ஒரு படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

ஏப்ரலில் ஒருநாள் விடியுமுன் முத்தையாபுரம் தாண்டி இருக்கும் உப்பளத்துக்குப் போயிருந்தேன். நாம் பள்ளிக்கூடத்திலிருந்து திருச்செந்தூருக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, வெள்ளைக் குவியல்களை எண்ணிக்கொண்டே போவோமே, அதே பக்கம்தான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் உப்பளத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நம் வயதை ஒத்த ஓர் அக்கா. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் நிற்க மாட்டேன், வேலை கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு வாரத் தொடங்கிவிட்டார்.

சூரியன் அவருக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பது படம் எடுத்தேன். அதில் ஒன்று எனக்கே நம்ப முடியாதபடி அமைந்துவிட்டது. கழியைத் தன் பக்கம் இழுக்கும்போது உடம்பு வில்லாக வளைந்திருக்கிறது, பலகைக்கு முன்னால் தண்ணீர் சுருண்டு நிற்கிறது, பின்னால் உப்புக் குவியல் வரிசையாகப் போகிறது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தபோதுதான் மனம் சோர்ந்தது. படம் முழுக்க இருண்டு கிடந்தது. உப்பு சாம்பலாகவும் முகம் கரியாகவும் இருந்தன.

காரணம் அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும். எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்ற கணக்கில்தான் கேமரா ஒளியை அளக்கிறது. வெள்ளை வெளேரென்ற உப்பைக் காட்டினால் "இவ்வளவு வெளிச்சமா" என்று அது தானாகவே குறைத்துவிடும். அந்த மாதிரி இடத்தில் நாம்தான் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளை, ரா ஃபைலாக எடுத்திருந்தேன். அதில் ஒளியின் தகவல் நிறையத் தங்கியிருக்கும், பிறகு மீட்டுக்கொள்ளலாம்.

மீட்கிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்று இரவு. நிழலான இடங்களின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினேன். உப்பை வெள்ளையாக்கினேன். வெளிறிக் கிடந்த வானத்தை நல்ல நீலமாக்கினேன். விளிம்புகள் எடுப்பாகத் தெரிவதற்கு கிளாரிட்டியைக் கூட்டினேன். முகத்துக்குத் தனியாக வெளிச்சம் கொடுத்தேன். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்து கண்ணை உறுத்தியது, அதையும் அழித்துவிட்டேன். முடித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன்.

எந்த அண்ணாச்சி என்று கேட்காதே. நம் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தவர்தான், உயரமாக இருக்கிறாய் என்று உன்னைக் கடைசி வரிசை ஓரத்தில் நிறுத்தினாரே, அவர். ஸ்டூடியோவை மூடி வெகுகாலம் ஆகிறது. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. பிரிண்டை வாங்கி, வாசல் திண்ணையில் வெளிச்சம் விழும் இடத்தில் சாய்த்து வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"இங்கே என்ன இருந்தது?" என்றார்.

வரப்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் குடத்தை அழித்தேன் அல்லவா, அதன் நிழலை அழிக்க மறந்திருக்கிறேன். காலை நேரத்து நீளமான நிழல், கழுத்தும் வயிறுமாக வரப்பில் படுத்திருக்கிறது. நிழலுக்கு உரிய பொருளைக் காணோம். குடம் என்று சொன்னேன். "என்ன குடம்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏப்ரல் மாதத்தில், கடலை ஒட்டிய இடத்தில், காலை ஆறரை மணிக்கு இந்த நீலம் எங்கிருந்து வந்தது? அப்போது வானம் நீராகாரம் போலத்தானே இருக்கும் என்றார். வானத்தை நீலமாக்கிவிட்டாய், அதன் கீழே பாத்தித் தண்ணீரைப் பார், அது இன்னும் வெளுத்த வானத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது என்றார். செல்வி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று இரவு அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தவள் நான், தண்ணீர் சாட்சி சொல்வது என் கண்ணில் படவே இல்லை. அந்த அக்காவைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுவதையும் காட்டினார். கிளாரிட்டியை அளவுக்கு மீறி ஏற்றினால் அப்படி விளிம்பில் ஒளி வட்டம் கட்டும். குவியலில் உப்பு பரல் பரலாகத் தெரிய வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. வெள்ளை அளவு மீறினால் அந்த இடத்தில் விவரமே இராது, வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. லினியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயரைப் பற்றிப் படித்திருந்தேன். 1858-ல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் பெரிய காகித நெகட்டிவில் படம் எடுத்தவர். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அதிகமாக மயங்கும், அதனால் வானம் வெறுமையாகிவிடும். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார். அவர் செய்யலாம், நான் செய்யக் கூடாதா என்று கேட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "அவருடைய காகிதத்துக்கு மேகம் தெரியாது, கையால் போட்டார். உன் கேமராவுக்கு எது தெரியாமல் போயிற்று? தெரிந்ததைத்தானே அழித்திருக்கிறாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாகத்தான் முகத்துக்கு வந்தார். "இந்த அம்மாவின் நிறம் இதுதானா?"

இல்லை. அவர் நல்ல கறுப்பு. வெயிலில் காய்ந்து மினுங்கும் கறுப்பு. நான் நிழலை ஏற்றியதோடு விடாமல் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வையும் ஏற்றியிருந்தேன். மனிதத் தோல் எந்த நிறமானாலும் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் அடங்கும், அதை ஏற்றினால் தோல் வெளுக்கும். முகம் தெரியட்டும் என்றுதான் செய்தேன். செய்து முடித்தபோது சாம்பல் பூசிய மாதிரி வேறு யாரோ ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அது எனக்கு அழகாகவும் தெரிந்திருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் இன்றும் வலிக்கிறது.

அண்ணாச்சி அப்போது ஒன்று சொன்னார். அதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெண் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் அவர் நெகட்டிவில் முகத்தின் மேல் கூர்மையான பென்சிலால் மெதுவாகத் தீற்றுவாராம். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். வீட்டார் கேட்பார்கள், அவரும் செய்து கொடுப்பார். "எத்தனை பிள்ளைகளுக்குச் செய்தேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பிள்ளைகள் நேரில் போய் நிற்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்களே அந்த வீட்டார், அன்று மாலை நீ எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாய். அந்தப் படமும் அண்ணாச்சி எடுத்ததுதான். உன் பெயரை அவரிடம் நான் சொல்லவில்லை.

கலர் லேபில் வேலை பார்த்த காலத்தைப் பற்றியும் சொன்னார். கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பும். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரத்தில் நிறம் சரி என்று பொருள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். வெகுகாலம் அந்த அட்டையில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. நம் தோலை ஒரு குறையாக நினைத்துத் திருத்துகிற பழக்கம் என் விரல் வரைக்கும் வந்திருக்கிறது என்பதை அந்தத் திண்ணையில்தான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மூல ஃபைலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை மொத்த வெளிச்சத்தை ஒன்றேகால் படி ஏற்றினேன். உப்பின் பரல் தெரியும் வரை வெள்ளையை இறக்கினேன். முகத்தில் நிழலைக் கொஞ்சம்தான் திறந்தேன், கன்னத்து எலும்பின் மேல் வேர்வை மினுங்கும் இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். கறுப்புத் தோலுக்கு அந்த மினுக்கம்தான் உருவம் கொடுக்கிறது. வானத்தைத் தொடவில்லை. குடம் திரும்பி வந்து தன் நிழலின் தலைமாட்டில் உட்கார்ந்தது. சிவப்பு பிளாஸ்டிக், வாயில் ஒரு டம்ளர் கவிழ்த்தியிருக்கிறது. அத்தனை வெள்ளைக்கு நடுவில் அந்தச் சிவப்புப் பொட்டு இல்லாமல் இப்போது என்னால் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிரிண்ட் முதல் தடவை இருட்டாக வந்தது. அதற்கும் அண்ணாச்சிதான் வழி சொன்னார். இரவில் திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் படம் பளிச்சென்று தெரியும், காகிதத்தில் இருண்டுவிடும். திரைக்குப் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் வரை திரையைக் குறைத்துக்கொள் என்றார். குறைத்தேன், சரியாக வந்தது.

போன வாரம் அந்தப் பிரிண்டை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அக்கா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள், படத்தில் ஈரம் படாதபடி ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். தன் முகத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு அவர் விரல் நேராகக் குடத்துக்குப் போனது.

"வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறது. இங்கே சுற்றிலும் தண்ணீர்தான், ஒரு வாய் குடிக்க முடியாது" என்றார். "அடியில் ஓட்டை விழுந்தது, கம்பியைக் காய்ச்சி நான்தான் ஒட்டினேன். அது இதில் தெரிகிறதா?"

எனக்குத் தெரியாது. இரவு வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்து, குடத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது, செல்வி. அடிப்பக்கம் இடது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, உருகி உறைந்த ஒரு தழும்பு. அடுத்த முறை போகும்போது அந்த இடத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பிரிண்டும் வைத்திருக்கிறேன், நான் கெடுத்ததும், திருத்தியதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார். இடது ஓரத்தில் ஒரு குவியல் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கிறது. அதை முழுதாக வெட்டிவிடு என்கிறார் அண்ணாச்சி. அது இருந்தால்தான் குவியல்கள் படத்துக்கு வெளியேயும் போய்க்கொண்டே இருப்பதாகத் தெரியும் என்பது என் எண்ணம். கோலத்தில் எந்தப் புள்ளியோடு நிறுத்த வேண்டும் என்பது நம் தெருவிலேயே உனக்குத்தான் தெரியும். யோசித்து எழுது. எனக்காகப் பார்த்து நல்லபடியாகச் சொல்லாதே, கண்ணில் பட்டதை அப்படியே எழுது.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், இளஞ்சூட்டில் தடவ வேண்டும்.

அன்புடன்,
வசந்தா