தோதகத்திக் கன்றை ஏன் பிடுங்குகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாண்டிக்குடிப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அப்பா விட்டுப்போனது. மலையில் மரக்கன்று நட்டார்கள் என்று அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. நடுவது இருக்கட்டும், தானாக முளைக்கிற தோதகத்தியை, அதாவது ஈட்டி மரத்தையே எங்கள் பக்கம் பலர் விட்டுவைப்பதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் குற்றவாளி நான்தான். அப்பா காலத்தில் தோட்டத்துக்குள் அத்தி, நாவல், பலா, சந்தன வேம்பு என்று எல்லாம் கலந்து நிற்கும். அவர் போன பிறகு, மேல் துண்டு இரண்டு ஏக்கரில் இருந்தவற்றை, மனுப் போட்டு அனுமதி வாங்கித்தான், எடுத்துவிட்டு, வெளிநாட்டு மரமான சில்வர் ஓக் வைத்தேன். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், முற்றினால் வியாபாரி வாசலுக்கே வந்து விலை பேசுவார். அத்தி மரத்தைக் கேட்டு எந்த வியாபாரி வருகிறார்?

புதுக் கன்று நிழல் கட்டுவதற்குள் காபிச் செடியில் வெயில் நேராக இறங்கியது. பின்னாடியே தண்டுத் துளைப்பான் வந்தது. அந்த வண்டு வெயில் படுகிற பட்டையாகப் பார்த்துத்தான் முட்டையிடும். அடுத்த மூன்று வருடமும் செடி செடியாகப் பிடுங்கி எரித்தோம். கீழ்த் துண்டில், அப்பாவின் அத்தி நிழலில், அங்கொன்றும் இங்கொன்றும்தான் போனது.

அந்த அத்தி பழுத்துவிட்டால் தோட்டம் சந்தைக்கடைதான். பகலில் குக்குறுவானும் மலை அணிலும், இரவில் மரநாயும். மரநாய் காபிப் பழத்தையும் தின்றுவிட்டுக் கொட்டையைப் பாறைமேல் போட்டுவிட்டுப் போகும். அதைத் தனியாகப் பொறுக்கிப் பெரிய விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கழுவி மற்றதோடு கலந்துவிடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோதகத்தி விதை காற்றில் வந்து விழுந்து தோட்டத்துக்குள் தானாக முளைக்கும். முழங்கால் உயரம் வருவதற்குள் பிடுங்கிவிடுவார்கள். மலைப் பகுதி மரங்களுக்கு 1955-லேயே ஒரு சட்டம் வந்தது. 1990களில் தோதகத்திக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்வார்: "கன்றாக இருக்கும்வரை அது என்னுடையது. பெருத்துவிட்டால் நிலம்தான் என்னுடையது." இந்தச் சட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மலையை எப்போதோ மொட்டையடித்திருப்போம். ஆனால் வெட்டுகிறவனைத் தடுக்கிற சட்டத்தில், வைத்திருக்கிறவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

கோஸ்டாரிகாவில் 1997 முதல் தனியார் நிலத்தில் காட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள். பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினார்கள். காடு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து வைக்கிறது, தண்ணீர் தருகிறது, உயிரினங்களுக்கு இடம் தருகிறது, கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று நான்கு காரணம் சொல்லித் தருகிறார்கள். எங்கள் மலைத் தண்ணீரும் மருதாநதி அணைக்குத்தான் இறங்குகிறது. அய்யம்பாளையம் தென்னந்தோப்புகள் குடிப்பது அந்தத் தண்ணீரை. அந்த நான்கில் தண்ணீர் ஒன்றுக்காவது இங்கே ஒரு விலை போடலாம்.

தோட்டத்தில் பலவகை நாட்டு மரம் வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் வருடத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். எண்ணிக்கைக்கு இல்லை, வகைக்கு. எண்ணிக்கை என்றால் எல்லோரும் சில்வர் ஓக்கையே காட்டுவோம். இன்று நட்டுப் பதிவு செய்கிற மரத்தை நாளை நட்டவரே வெட்டிக்கொள்ளலாம் என்று எழுதியும் கொடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பிடுங்குகிற கை கொஞ்சம் யோசிக்கும். அப்புறம், நாற்றங்காலில் அத்தியும் நாவலும் கேட்டால் கிடைக்க வேண்டும். போன ஆடியில் நான் கேட்டுப் போன இடத்தில் தேக்குதான் இருந்தது.

காபி உலர்த்துகிற களத்துக்குப் பின்னால் மூன்று தோதகத்திக் கன்றுகளை இந்த வருடம் விட்டுவைத்திருக்கிறேன். ஒன்று இடுப்பளவு வந்துவிட்டது. "இன்னும் பிடுங்கவில்லையா?" என்று அண்ணன் போகும்போதெல்லாம் கேட்கிறார். மழை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.