சுங்கை சிப்புட் மக்களுக்கும், எங்கள் கிராணி ஐயாவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

முழங்கால் வைத்தியத்துக்குப் பிறகு தாய்லாந்தில் டென்னிஸ் போட்டி ஆடிவிட்டு, நேற்றிரவு மலேசியாவுக்கு, நம்ம ஊருக்கு வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஸ் நிலையத்தில் இறங்கியதும் என் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இரண்டு நாள் போனால் கூச்சம் வந்துவிடும் என்பதால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈப்போவுக்கும் வீட்டுக்குமாக என்னைக் காடியில் (காரில்) ஏற்றி இறக்கிய அண்ணன்மார்கள், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிவிட்டுக் காசைப் பிறகு பார்க்கலாம் என்று இன்றுவரை பார்க்காத பேட்மிண்டன் கடை முதலாளி தவுக்கே, அம்மா என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தம்பிக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக், சிங்கப்பூரிலிருந்து பெயர் போடாமல் பணம் அனுப்பியவர், நான் அழுதபோதும் "இன்னும் பத்து முறை மடக்கு" என்று மட்டுமே சொன்ன ஃபிசியோ அக்கா: எல்லாருக்கும் என் நன்றி. தனித்தனியாகப் பெயர் சொன்னால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் அம்மா பாசாருக்குப் போக முடியாது.

இந்த மடலின் மீதி இடம் கிராணி ஐயாவுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பா தோட்டத் துரைமார் கிளப்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, செக்ரோல் என்கிற ஆள் கணக்கை எழுதினார், அவ்வளவுதான் பழக்கம். அந்தக் கிளப்பின் வெடித்த சிமெண்டுத் தரையில்தான் நான் பந்தடிக்கக் கற்றேன். ஜன்னல் வழியாகச் சத்தம் தொந்தரவு என்று அவர் அப்பாவிடம் முறையிட்டதுகூட உண்டு.

எனக்காக ஊரில் பணம் திரட்ட ஆரம்பித்த வாரம், நீளமான நோட்டுப் புத்தகம், கார்பன் தாள், இரண்டு பேனாவோடு வீட்டுக்கு வந்தார். நலம் விசாரிக்கிறார் என்று அம்மா கோப்பி கலக்கப் போனார். அவரோ, "வரவு ரசீதெல்லாம் எங்கே?" என்று கேட்டார். எல்லாம் ஒரு மைலோ டின்னில் கிடந்தன. தரையில் கொட்டி, தேதிப்படி அடுக்கி, அன்று மாலைக்குள் முதல் பக்கத்தை முடித்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் அனுப்பவில்லை.

அந்த நோட்டில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். "பெயர் சொல்லாத அக்கா, பாசார் மாலாம், 5 வெள்ளி" என்று ஒரு வரி இருக்கிறது. வைத்தியத்துக்கு வந்த பணம் ஒரு பத்தி, என் ஆட்டத்துக்கான பணம் வேறு பத்தி. முதல் பத்தியிலிருந்து ஒரு காசுகூட விமான டிக்கெட்டுக்குப் போகக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஊர் சுற்றத்தான் இந்தப் பெண் வசூல் செய்கிறாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு கிளம்பியது நினைவிருக்கும். மறுநாள் காலை கோயில் அறிவிப்புப் பலகையில் நான்கு பக்கம் கணக்கு ஒட்டியிருந்தது. பேச்சு நின்றுவிட்டது. அதைப்பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி சொல்லித்தான் தெரியும். வலியோடு படுத்துக்கிடப்பவளுக்கு, படுத்துக்கிடப்பதை மட்டும் செய்தால் போதும் என்று ஒருவர் ஏற்பாடு செய்து தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நம்ம ஊர்க்காரரும் அப்போது மந்திரியாக இருந்தவருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஐயாவின் அப்பாவும் கட்டினார். அந்த ரசீது கடைசிவரை சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம். "பத்து வெள்ளி கொடுத்தவனுக்குத்தான் பாப்பா கணக்கு முக்கியம். ஆயிரம் கொடுத்தவன் மறந்துடுவான்."

டென்னிஸ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆட்டத்தில் புள்ளி எண்ணும்போது 15, 30-க்கு அப்புறம் 45 வராமல் 40 வருவது இன்றுவரை அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் என் பிழைப்பை அவர் அளவுக்கு யாரும் புரிந்துகொண்டதில்லை. நான் ஆடுவது உலக டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். நடத்தும் டபிள்யூ15 போட்டிகள், அதாவது மொத்தப் பரிசே 15,000 டாலர். துனீசியாவின் மொனாஸ்டிர் வரை போய் முதல் சுற்றில் தோற்றால் கையில் 156 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். நுழைவுக் கட்டணம், அறை வாடகை, ஸ்ட்ரிங், விமானம் எல்லாம் நம் செலவு. 2025 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 110,000 டாலர் என்று தம்பி ஒருநாள் உளறிவிட்டான். ஐயா நோட்டின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார். "அங்கே ஒருதரம் தோற்கிறதுக்கு நீ இங்கே 705 தரம் தோற்கணும். அப்பவும் 20 டாலர் குறையும்." தையல் போட்ட காலோடு அன்று சிரித்ததுபோல் நான் சிரித்ததே இல்லை. வலித்தது.

"விட்டுவிடு" என்று அவர் சொல்வார் என நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. மாறாக, ஈப்போவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் மாதம் என்ன வரும், பக்கத்து நாடுகளில் மட்டும் ஆடினால் என்ன செலவாகும், கையிருப்பு எந்த மாதம்வரை தாங்கும் என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். தாய்லாந்துக்குப் போனது அந்த மூன்று பக்கத்தை நம்பித்தான்.

அங்கே ஒரு சுற்று வென்றேன், அடுத்ததில் தோற்றேன். ஆக, என்னிடம் இப்போது ஒரே ஒரு புள்ளி. உலகத் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர மூன்று போட்டிகளில் புள்ளி வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்துப் புள்ளி வேண்டும். பழைய புள்ளிகளெல்லாம் 52 வாரம் முடிந்ததும் நான் படுத்திருந்தபோதே உதிர்ந்துவிட்டன. அதனால் உலகத்தில் எத்தனையாவது இடம் என்று கேட்பவர்களுக்கு இப்போதைக்குப் பதில் இல்லை. ஐயாவின் நோட்டில் மட்டும் "வரவு: புள்ளி 1" என்று ஏறிவிட்டது.

இனி என் ஆட்டத்தின் வரவு செலவை நானே எழுதப்போகிறேன். ஐயா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த டிக்கெட். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு போட்டிக்கும் கணக்கு கோயில் பலகைக்கு வரும்.

வைத்தியப் பத்தியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்ன ராக்கெட்டுகளும் பந்துகளும் வாங்கலாமா என்று யோசனை. சனிக்கிழமை காலையில் நானே வந்து சொல்லித்தருகிறேன். கொடுத்தவர்களில் யாருக்காவது இதில் விருப்பமில்லை என்றால், ரசீதோடு போய் ஐயாவைப் பாருங்கள், உங்கள் தொகையைத் திருப்பித் தந்துவிடுவார். பத்து மணிக்கு முன்னால் மட்டும் போகாதீர்கள், பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.