துப்பாக்கியை விட்ட கை

ஆசிரியருக்கு, தெற்கு சூடானின் இசைக் கலைஞர் இம்மானுவேல் ஜால் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறுவயதில் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டவர் அவர். பின்னாளில் பிழைத்து வந்து பாடகரானதைக் கட்டுரை நன்றாகச் சொல்லியிருந்தது. ஆனால், அவர் செய்த பெரிய காரியத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். சூடான் உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்பாக இருந்த வடக்குப் பகுதியின் முஸ்லிம் கலைஞர் அப்தெல் காதிர் சலீமுடன் சேர்ந்து 2005-இல் 'சீஸ்ஃபயர்' (போர்நிறுத்தம்) என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார் ஜால். எதிரி என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவரோடு ஒரே மெட்டில் பாடுவது லேசான விஷயமா? அமைதிப் பணி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

எட்டாம் வகுப்பு ஆசிரியையான நான், கட்டுரையை வகுப்பில் வாசித்துவிட்டு அவரது 'குவா' பாடலைப் போட்டுக் காட்டினேன். அவரது தாய்மொழியான நுவேரில் அதற்கு அமைதி என்று பொருள். எப்போதும் சலசலக்கும் கடைசி பெஞ்சு அன்று அசையவில்லை. "அப்போ அவருக்கு என்ன வயசு டீச்சர்?" என்று மட்டும் ஒரு மாணவன் கேட்டான். சிறார் படைவீரர்களுக்கு எதிரான உலக நாளான பிப்ரவரி 12 அன்று, தங்கள் மாணவர் பக்கத்தில் ஜாலின் வாழ்க்கையை எளிய தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்