தாளிப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த கிண்ணம்

அன்புள்ள விடுதித் தோழிகளுக்கு, அலுவலக நண்பர்களுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு, எல்லோருக்கும் மேலாக எங்கள் சமையல் அக்காவுக்கு,

என் கடைவாய்ப்பல்லுக்குச் செய்த வேர் சிகிச்சையின் (ரூட் கெனால்) கடைசி சிட்டிங் நேற்றுக் காலை முடிந்தது. வேர்க்குழாய்களை நிரப்பி அடைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் “நல்லா வந்திருக்கு” என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலியில் படுத்தபடியே அழுதேன். அவர் வலி என்று நினைத்துப் பதறிவிட்டார். வலியே இல்லை. இத்தனை நாள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் விட்டது.

என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பல் வலியில் தவித்த அந்த ராத்திரியைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல மட்டும் வந்திருக்கிறேன்.

நடுராத்திரியில் ஐஸ் தேடி மூன்று மாடி ஏறி இறங்கிய அறைத் தோழிக்கு. விடியும் வரை வாசலில் உட்கார்ந்திருந்த வார்டன் அம்மாவுக்கு. “நீ போம்மா, கணக்கை நான் முடிக்கிறேன்” என்று என் மேசை வேலையைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்ட செக்‌ஷன் அண்ணனுக்கு. மாத்திரை அட்டையிலேயே பேனாவால் ‘காலை’, ‘இரவு’, ‘சாப்பிட்டபின்’ என்று எழுதிக் கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கு. ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்கம் சொன்ன, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டருக்கு, அவருக்கு உதவியாக நின்ற சிஸ்டருக்கு. உங்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் நான் தவித்திருப்பேன். உங்கள் எல்லோருக்கும் நேரில் வந்து தனித்தனியாகச் சொல்கிறேன். இங்கே அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அவராகச் சொல்லவும் மாட்டார்.

அக்கா காசிமேட்டிலிருந்து விடியும் முன்பே ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர். இந்த விடுதியில் இத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிறவர். அவருக்கும் எனக்கும் அதுவரை பெரிய பேச்சு எதுவும் இருந்ததில்லை. “அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்பேன், ஊற்றுவார். அவ்வளவுதான். என் பெயர் அவருக்குத் தெரியும் என்றுகூட நான் நினைக்கவில்லை.

முதல் சிட்டிங் முடிந்து எழும்பூருக்குத் திரும்பியபோது மத்தியான நேரம். விடுதியில் யாரும் இல்லை. கீழ்த்தாடையில் ஊசி போட்டிருந்ததால் இடது பக்கம் உதடு, பாதி நாக்கு எல்லாம் மரத்துக் கிடந்தது. முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தலை சுற்றியது. சமையலறை வாசலில் நின்று சாதம் இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். “ஊசி போட்டாங்களா?” என்றார். தலையாட்டினேன். “அப்போ இப்ப எதையும் வாயில வெக்காதம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் சாதத்தைப் போட்டு, பருப்புத் தண்ணீர் விட்டு மசித்து, மூடி வைத்தார். “உதட்டைக் கிள்ளிப் பாரு. வலிச்சுதுன்னா வந்து சாப்பிடு.”

அவருடைய மகனுக்குச் சின்ன வயதில் பல் பிடுங்கியபோது, மரத்துப் போனது தெரியாமல் பையன் தன் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டானாம். அது ஆறுவதற்குள் பட்ட பாட்டைச் சொன்னார். மருத்துவமனையிலும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மரப்பு போகும்வரை சாப்பிடக் கூடாது, கன்னத்தையும் நாக்கையும் கடித்துவிடுவோம், சூடு பட்டாலும் தெரியாது, தற்காலிக அடைப்பும் இறுகுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்றார்கள். எல்லாம் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் பசியில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் அதை நினைவுபடுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிள்ளினால் வலிக்க ஆரம்பித்தபோது மூன்று மணி தாண்டியிருக்கும். சாதம் ஆறி, வெதுவெதுப்பாக, அப்படியே விழுங்குகிற பதத்தில் இருந்தது.

அன்று ராத்திரி விடுதியில் வெண்பொங்கல். எல்லோருக்கும் பரிமாறும் தட்டை என் பக்கம் நீட்டாமல், அக்கா அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். “தாளிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேம்மா. முழு மிளகு இல்ல, முந்திரி இல்ல. சீரகத்தப் பொடி பண்ணிப் போட்ருக்கேன். பயப்படாம சாப்பிடு.”

நான் அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வார்டன் சொல்லவில்லை. பெரிய பாத்திரத்தில் நெய் காய்ந்துகொண்டிருக்கும் அவசரத்தில், ஒருத்திக்காக ஒரு கரண்டி முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மருத்துவமனையில் கொடுத்த தாளில் ‘மிருதுவான உணவு உட்கொள்ளவும்’ என்று இருந்தது. சரியான அறிவுரைதான். பொங்கல், உப்புமா, தயிர்சாதம், இட்லி என்று நாமும் உடனே கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால் நம் வீட்டுச் சமையலில் எது மிருது? பொங்கலுக்குள் முழு மிளகு இருக்கிறது. உப்புமாவில் வறுத்த கடலைப்பருப்பு. தயிர்சாதத்தில் கடுகும் மோர்மிளகாயும். இட்லி பஞ்சு மாதிரி இருந்தாலும் அதன் மேல் ஊற்றும் சட்னியில் தாளித்த உளுத்தம்பருப்பு மிதக்கிறது. சாம்பாரில் முருங்கைக்காய்ச் சக்கை. இத்தனைக்கும் அப்பால் அரிசியில் எப்போதாவது தப்பி வருகிற ஒரு கல். உள்ளே குடைந்து, மேலே தற்காலிகமாகப் பூசி வைத்திருக்கும் பல்லில் அந்தக் கல் ஒன்று பட்டால் போதும், அடைப்பு பெயர்ந்துவிடலாம், பல் விரிசல் விடலாம். டாக்டர் பிறகு இதை விளக்கியபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அக்காவுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. ஆனால் தன் சமையலில் எங்கெங்கே கெட்டியானது ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு பாத்திரமாக அவருக்குத் தெரியும். அந்த வாரங்கள் முழுக்க எனக்கான அரிசியை அவர் இன்னொரு தடவை முறத்தில் பார்த்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, காய் நறுக்க வரும் பாட்டி சொன்னார்.

மிருதுவான சாப்பாடு என்பது ஏதோ ஒரு பதார்த்தத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். நமக்கு முன்னால் அந்தச் சாப்பாட்டை இன்னொருவர் கைவிட்டுத் துழாவிப் பார்த்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

வெறும் கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்தால் மாத்திரை தாங்காது என்பதும் அவர் கணக்கில் இருந்தது. வலி மாத்திரை வெறும் வயிற்றில் எரியும். டாக்டரும் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் காலையில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுப்பார். அவித்த முட்டையைச் சாதத்தோடு மசித்து வைப்பார். பாசிப்பருப்பும் கீரையும் கடைந்து தருவார், வறுத்துப் போட்டது எதுவும் அதில் இருக்காது. கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து வைத்து, பக்கத்தில் தொட்டுக்கொள்ள வெங்காயம் வைக்காமல் விடுவார். எல்லாமே வலது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிடுகிற அளவுக்குச் சின்னச் சின்னதாக. பாப்பாக்களுக்கு ஊட்டுகிற சிறிய ஸ்பூன் ஒன்று எனக்கென்றே தனியாக வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சங்கரா மீன் குழம்பு. மணம் மாடிவரை வந்தது. முள்ளுக்குப் பயந்து கீழே போகவே இல்லை. அக்கா ஒரு டப்பாவோடு மேலே வந்தார். வீட்டிலிருந்து சுறாப் புட்டு செய்து எடுத்து வந்திருந்தார். சுறாவில் சின்ன முள் இருக்காது, உதிர்த்துச் செய்வதால் மெல்ல வேண்டிய வேலையும் அதிகமில்லை. காரத்தைப் பாதியாகக் குறைத்து, வெங்காயத்தைக் கரைந்து போகும்வரை வதக்கியிருந்தார். “பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கறது இது. உனக்கும் தெம்பு வேணும்ல” என்றார். அதற்குப் பணம் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

பெரியகுளத்தில் அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்த நாட்கள் அவை. கிளம்பி வந்துவிடுகிறேன் என்று தினமும் சொல்வார். அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். நான் என்ன சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் மாறும். ஒருநாள் அக்காவிடம் பேச வேண்டும் என்றார். போனை வாங்கி அக்கா சொன்னது, “பாப்பா சாப்ட்டுச்சுமா, நான் பாத்துக்கறேன்” என்று மட்டும். அம்மா அன்றைக்குத்தான் தூங்கியிருக்கிறார். இப்போது இரண்டு பேரும் என்னைக் கேட்காமலே பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஊரில் வேலைக்கு வந்து தனியாக இருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது புரியும். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுக்க யாராவது இருப்பார்கள். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கவும் இருப்பார்கள். எந்தப் பக்கம் மெல்ல முடியும் என்று கேட்டு அதற்கேற்பச் சமைக்க ஒருவர் இருப்பார் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

டாக்டருக்கும் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். நரம்பை எடுத்த பிறகும் கடித்தால் வலித்தது. சிகிச்சை வீணாகிவிட்டதோ என்று நடுங்கிப் போய் உங்களிடம் ஓடி வந்தேன். பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும் வேரைச் சுற்றியுள்ள சதை இன்னும் புண்ணாக இருக்கிறது, சில நாளில் தணியும் என்று படம் வரைந்து காட்டினீர்கள். வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால், அடைப்பு கழன்று விழுந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரச் சொன்னீர்கள். அன்றிலிருந்து எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் சொன்னபடியே வலி தணிந்தது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அந்தப் படத்தை வரைந்தீர்கள், டாக்டர். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னும் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போடும் வேலை பாக்கி இருக்கிறது. வலி போனதும் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்களாம். உள்ளே குடைந்த கடைவாய்ப்பல் மெல்லும் பாரத்தைத் தனியாகத் தாங்காது. கேப் போடாமல் விட்டு, ஒருநாள் எதையோ கடித்து வேர்வரை பிளந்துவிட்டால், பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்று டாக்டர் சொன்னார். இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த பல் இது. உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், தைப் பொங்கலுக்குக் கரும்பு வந்து இறங்குவதற்கு முன்னால் கேப் போட்டுவிடுவேன். அதுவரை முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், அல்வா எதுவும் என் அறைக்குள் வராது. ஊரிலிருந்து பலகாரம் கொண்டு வருகிறவர்கள் என் பங்கை அக்காவின் பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் வார்டன் அம்மாவிடம் பேசி முடித்திருக்கிறேன். சமையலறைக் கதவில் ஒரு சின்னப் பலகை மாட்டப் போகிறோம். பல் வைத்தியமோ வாய்ப்புண்ணோ, மெல்ல முடியாத எந்தக் கஷ்டமாக இருந்தாலும், முந்தின நாள் ராத்திரியே அதில் எழுதிவிடுங்கள். இந்த வேலையும் அக்கா தலையிலேயே விழக் கூடாது. எழுதியிருக்கும் நாட்களில் நான் அரை மணி முன்னதாகக் கீழே வந்து அரிசியைப் பார்த்துக் கொடுப்பேன், தாளிப்பதற்கு முன்னால் கிண்ணத்தில் எடுத்து வைப்பேன். அக்கா சரி என்று சொல்லிவிட்டார். பெயரையும், எந்தப் பக்கம் மெல்ல முடியும் என்பதையும் எழுதினால் போதும்.

நிறைந்த நன்றியுடன்,
இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்காரி