டிரில் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எலும்பு அறுவை சிகிச்சைத் துறைக்குப் பெண் மருத்துவர்கள் அதிகம் வராதது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'மூத்தவர்கள் ஊக்கப்படுத்த வேண்டும்' என்று முடிகிறது. ஊக்கத்துக்கு என்ன பஞ்சம்? மேடையில் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் டிரில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தொடை எலும்பின் மேல்முனை முறிவுக்கு நெய்ல் (எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு) பொருத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவை மேசையில் நோயாளியைக் கிடத்தி முறிவை நேராக்குவது, நுழைவிடம் பார்த்து கைட் வயர் (வழிகாட்டும் கம்பி) ஏற்றுவது, ரீமரால் குடைவது, நெய்லை இறக்குவது, எலும்பின் தலைக்குள் லேக் ஸ்க்ரூ போடுவது, கீழே ஸ்க்ரூ போட்டு நெய்லை லாக் செய்வது, தையல். பெண் பயிற்சி மருத்துவருக்குப் பல இடங்களில் வாய்ப்பது முதல் வேலையும் கடைசி வேலையும். நடுவில் சி-ஆர்ம் (தியேட்டருக்குள் இருக்கும் எக்ஸ்ரே கருவி) திரையைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான்.

கை பழக வேண்டியது அந்த நடுவில்தான். நுழைவிடம் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிப்போனால், நெய்ல் இறங்கும்போது முறிவு வேரஸில் (எலும்புத் தலை உள்பக்கமாகக் கீழே) சாய்ந்துவிடும். லேக் ஸ்க்ரூவின் நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை நேர்ப்படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அளந்து கூட்டினால் 25 மி.மீ.க்குள் வர வேண்டும். அதைத் தாண்டினால் ஸ்க்ரூ தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் அபாயம் கூடுகிறது. வேடிக்கை பார்த்து வருகிற வித்தையா இது?

யார் எதைச் செய்வது என்ற பேச்சை, அறுவைக்கு முன் கை கழுவும் இடத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். "இன்றைக்கு நெய்லுக்கும் லேக் ஸ்க்ரூவுக்கும் கைட் வயர் இரண்டும் நீங்கள்தான் போடுகிறீர்கள். மூன்று முயற்சி. அமையவில்லை என்றால் நான் வாங்கிச் சரிசெய்வேன். ரீமிங் மறுபடி உங்களிடம்." இதில் கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், வாங்கிய டிரில் திரும்பி வருவதில்லை. முடிந்த பிறகும் "நன்றாகச் செய்தாயம்மா" என்பதால் ஒரு பயனும் இல்லை. "நுழைவிடம் 5 மி.மீ. வெளியே இருந்தது, பக்கவாட்டுப் படம் பார்க்காமலே குடைய ஆரம்பித்துவிட்டீர்கள்" என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்வார். ஆண் மாணவரிடம் இப்படிக் கறாராகப் பேசுகிற அதே மூத்தவர், பெண்ணிடம் மட்டும் மென்மையாகப் பேசி அனுப்பிவிடுகிறார். அது சலுகை மாதிரி தெரியும், உண்மையில் பாடத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்வது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய லாக் புக்கையும் (அவரவர் பங்கெடுத்த அறுவைகளைப் பதியும் ஏடு) அருகருகே வையுங்கள். மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். 'உடனிருந்தார்', 'உதவினார்', 'மேற்பார்வையில் தானே செய்தார்' என்ற மூன்றையும் தனித்தனியாகக் கூட்டினால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

'பலம் வேண்டுமே' என்ற பழைய பல்லவிக்கு வருகிறேன். விலகிய இடுப்பு மூட்டைத் திரும்பக் குழிக்குள் ஏற்றுவதற்குத் தசை நன்றாகத் தளர்ந்திருக்க வேண்டும். அது மயக்க மருந்தின் வேலை. நோயாளியின் இடுப்பை மேசையோடு நிலைப்படுத்தி, ஒரு காலை மேசைமேல் ஊன்றி, நம் முழங்காலை அவருடைய முழங்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகாலை எழுப்பினால் போதும். தூக்குவது கெண்டைக்கால் தசை, புஜம் இல்லை. பலமில்லை என்று பெயர் வாங்குவதில் பாதி, மேசை உயரத்தால் வருவது. ஆறடிக்காரருக்கு வைத்த மேசையில் குட்டையானவர் தோளைத் தூக்கியபடி டிரில் பிடித்தால் கை நடுங்கத்தான் செய்யும். வேலை செய்யும் இடம் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு கால்பலகை போதும். கையுறையும் அப்படித்தான்: 6 அளவுக் கைக்கு 7½ மாட்டினால் விரல்நுனியில் ரப்பர் மடிந்து சின்ன ஸ்க்ரூ நழுவும்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய ஏப்ரனை மாட்டிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் உயர்த்திக் கண்ணாடியில் பாருங்கள்: அக்குளருகே வாய் பிளந்து நிற்கும். அந்த இடைவெளிக்குள் இருப்பது மார்பகத்தின் மேல்-வெளிப்பகுதி. மார்பகப் புற்றுநோய் அதிகம் தோன்றுவதும் அங்கேதான். உடலோடு ஒட்டிய வெஸ்ட்டும் அக்குளை மறைக்கும் துண்டும் வாங்க வேண்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய்ப் பக்கம் நிற்காமல் படம் வாங்கும் பக்கம் நிற்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிதறும் கதிர் குழாய்ப் பக்கம்தான் அதிகம். பயிற்சி மருத்துவர் தன் கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு கருவுக்கான கதிர்வீச்சு வரம்பு, மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட். அதைக் கண்காணிக்க ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்றருகே இன்னொரு டோசிமீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) வேண்டும். அவரைக் கேட்காமலே பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டு 'நல்லதுக்குத்தான்' என்பது வழிகாட்டல் ஆகாது.

வழிகாட்டி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க எலும்பு அறுவை வாரியத்தின் சான்றிதழை முதன்முதலில் பெற்ற பெண் ரூத் ஜாக்சன், ஆண்டு 1937. அவர் பெயரில் பெண் எலும்பு மருத்துவர்களுக்கென ஒரு சங்கம் உருவானதோ 1983இல். பெண் மூத்தவர்கள் பெருகட்டும் என்று காத்திருந்தால் இப்படித்தான் தலைமுறைகள் ஓடும். துறையில் இருக்கும் ஒரே பெண் நிபுணர் தலையில் எல்லா மாணவிகளையும் கட்டுவது அவருக்கும் நியாயமில்லை. மாதம் அரை மணி நேரம் லாக் புக்கோடு உட்கார ஒருவர், தேர்வுக்குழுவிலும் மாநாட்டுக் குழுவிலும் மாணவியின் பெயரைச் சொல்ல இன்னொருவர். இருவரும் ஆண்களாக இருந்தாலும் பரவாயில்லை. தொல்லை குறித்த புகாரை வாங்குபவர் மட்டும் மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது.

இத்துறையில் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதியிருந்தார். அடுத்த முறை அவர்களுடைய லாக் புக்கில் 'தானே செய்தார்' என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர்