டாக்டர் அறைக்குள் கணவரும் போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில் 14 ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். வீடு ஈசூனில். சென்ற வாரம் முனையத்தின் ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகும் இளைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, முன்னாடி அண்ணி ஏதோ மாத்திரை சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே, அது பேர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். குறித்துக்கொள்ளக் கைப்பேசியையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அவர் கேட்டது கருத்தடை மாத்திரையின் பெயர். அதை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு மூத்தவள் பிறந்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பால் கொடுக்கிற வரைக்கும் அடுத்த கரு தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டோம். அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கவேண்டும், தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம், கஞ்சி குடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் அவள் தம்பிக்கும் 16 மாதம்தான் வித்தியாசம். மகன் எங்கள் கண்மணி, அதில் பேச்சே இல்லை. ஆனால் முதல் பிரசவத்தின் அசதி தீராத உடம்போடு, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டும் பார்த்துக்கொண்டு, என் மனைவி மறுபடியும் சுமந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான்.

மகன் பிறந்து ஒரு வருடம் கழித்து, திருச்சியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் கருத்தடை மாத்திரை அட்டைகள் சிலவற்றைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். "நான் இதைத்தான் சாப்பிடுறேன், ஒண்ணும் பண்ணாது" என்றார். மனைவியும் சாப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. அது கொஞ்சம் அதிகமானது. ஷிப்ட் மாறினால் வருகிற தலைவலி என்றுதான் நினைத்தோம். அட்டை தீர்ந்ததும் அதே மாத்திரையைக் கேட்டு ஒரு கிளினிக்குக்குப் போனாள். இரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அன்றைக்குப் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டிருந்ததால் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதற்கு முன்பெல்லாம் நான் தள்ளுவண்டியோடு வெளியே நிற்பதோடு சரி. டாக்டர் தலைவலியைப் பற்றி விசாரித்துவிட்டு, "வலி வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். மனைவி உடனே பேனாவை வாங்கி, வரிசை எண் சீட்டின் பின்பக்கத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வளைந்த கோடு போட்டாள். "இது பளபளன்னு ஓரமா ஓடும், அரை மணி நேரத்துல மறைஞ்சிடும், அப்புறம்தான் வலி" என்றாள். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் எனக்கு இது தெரியாது. நான் கேட்டதில்லை.

இப்படி வெளிச்சக்கோடு தெரிகிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாதாம். பக்கவாத ஆபத்து கூடும் என்றார் டாக்டர். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், 35 வயதைத் தாண்டியும் புகைபிடிப்பவர்களுக்கும் அது ஆகாது. உறவுக்காரப் பெண் பொய் சொல்லவில்லை. அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது, இவள் உடம்புக்கு ஆபத்து.

அடுத்து கருப்பைக்குள் காப்பர்-டி என்ற சிறிய செம்புச் சாதனம் வைத்தார்கள். பத்து வருடம் வரை தாங்கும், ஹார்மோன் கிடையாது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எத்தனையோ பெண்களுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. என் மனைவிக்கு மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமாகி, இரத்தச் சத்து குறைந்தது. பத்து மாதத்தில் எடுத்துவிட்டோம். இரத்தப்போக்கைக் குறைக்கிற, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் மூன்று வருடக் குச்சி இருக்கிறது என்று டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்த நான், "எனக்கு ஏதும் இல்லையா, டாக்டர்?" என்றேன்.

ஆணுக்கு இரண்டே வழிதான்: ஆணுறை, இல்லையென்றால் ஆபரேஷன். பால்வினை நோயையும் தடுப்பது ஆணுறை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக அணியவேண்டும். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் போதும் என்பதில் சந்தேகமே இல்லாததால் நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். இதை நிரந்தரம் என்று எண்ணித்தான் செய்துகொள்ளவேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கக் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நரம்பை அறுத்துடுவாங்களாமே" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அறுப்பது நரம்பை அல்ல, விந்தணு வரும் மெல்லிய குழாயை. ஆண்மைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. செய்த மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து விந்துச் சோதனை செய்து, அணு இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை வேறு முறையும் வேண்டும்.

அம்மாதான் முதலில் பயந்தார். 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தியாவில் ஆண்களைப் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்த கதைகளை ஊர்க் கடிதங்களில் படித்தவர் அவர். இங்கேயும் 1972 முதல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும்படி பிரசாரம் நடந்தது. 1987ல் கொள்கையே மாறி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா என் தங்கை பிறந்ததோடு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர். நான் வீடு திரும்பிய அன்று ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாருடா" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வறை நண்பருக்கு வருகிறேன். அவர் மனைவி மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கென்று புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை வேறு இருக்கிறது. நான் பெயரைச் சொல்லியிருந்தால், என் மனைவிக்கு ஆகாத அதே மாத்திரை வேறொரு காரணத்தால் அந்தத் தங்கைக்கும் ஆகாமல் போயிருக்கும்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த முறைகளைப் பற்றி எளிய தமிழில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பக்கம் என்று ஒதுக்காமல், ஆண்களும் படிக்கும்படி போடுங்கள்.

நண்பருக்கு வரும் வியாழக்கிழமை ஓய்வு நாள். இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள். மனைவி வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். வலிப்பு மருந்துகள் சிலவும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர், ஈசூன்