பிரித்தானியாவின் விலகலும் வட அயர்லாந்தின் கடல் எல்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதை ‘இழந்த இறைமையை மீட்ட செயல்’ என்று தங்கள் ஞாயிறு இதழின் கட்டுரையாளர் எழுதியிருந்தார். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் மீண்டுவந்த அதிகாரம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அதன் சுமையை எந்தப் பகுதி தாங்குகிறது என்பவற்றை அவர் தொடவேயில்லை.

2016 ஜூன் 23இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் விலகலுக்கு ஆதரவாக 51.9 வீதத்தினர் வாக்களித்தனர். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகலை ஆதரிக்க, ஸ்கொட்லாந்தில் 62 வீதத்தினரும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 வீதத்தினரும் ஒன்றியத்தில் நீடிக்கவே விரும்பினர். மொத்த எண்ணிக்கையே முடிவென்று கொள்ளப்பட்டதால் அவ்விரு பகுதிகளும் தம் விருப்பத்துக்கு மாறாக வெளியேறின.

இதில் வட அயர்லாந்தின் நிலைதான் மிகவும் சிக்கலானது. ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுடனான அதன் தரை எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி எழுந்தால் வட அயர்லாந்தின் நீண்ட மோதலை முடித்துவைத்த 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கையால் கிடைத்த அமைதி குலையும் என்று பிரித்தானியாவும் ஒன்றியமும் அஞ்சியதால், பொருட்களுக்கான சோதனை வட அயர்லாந்துக்கும் பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளுக்கும் இடையிலான கடல்வழிக்கு மாற்றப்பட்டது. விளைவாக, ஸ்கொட்லாந்தில் விளைந்த விதை உருளைக்கிழங்கு ஒரே அரசின் கீழுள்ள வட அயர்லாந்துக்குப் போக முடியாமல் நின்றது. பிரித்தானியாவும் ஒன்றியமும் 2023இல் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாட்டுக்குப் பிறகே அதற்கு வழி பிறந்தது. பிரித்தானியாவோடு இணைந்திருப்பதையே உயிராக மதிக்கும் கட்சி, இந்தக் கடல் எல்லையை எதிர்த்து 2022 பெப்ரவரியில் அரசாங்கத்தை விட்டு விலகியதால், வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டின் ஆட்சி இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஸ்கொட்லாந்திலோ, 2014இன் வாக்கெடுப்பில் தோற்ற பிரிவினைக் கோரிக்கை இதனால் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் லண்டனின் சம்மதமின்றி மறுவாக்கெடுப்பு நடத்த முடியாதென 2022 நவம்பரில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஒன்றியத்துக்கு வெளியே நின்றால் அதன் விதிகள் நம்மைத் தீண்டா என்பதும் மயக்கமே. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகக் கூறி 2015 ஜனவரியில் ஐரோப்பா இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. அதற்காகவே நம் பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவிகள் பூட்டப்பட்டன. அந்த விதிகளை எழுதிய மேசையில் நமக்கு நாற்காலி இருந்ததில்லை. இன்று பிரித்தானியாவுக்கும் இல்லை.

திருகோணமலைவாசிகளுக்கு இது தூரதேசத்துக் கதையன்று. 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்தின் தலைமையகம் எமது ஊரிலேயே இருந்தது. இணைப்பு தொடர வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் கேட்க வேண்டிய வாக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைக்கப்பட்டு, ஒருபோதும் நடக்கவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின. வடக்குக்கான அலுவலகங்கள் சில காலம் இங்கேயே இயங்கிப் பின்னர் யாழ்ப்பாணம் சென்றன. இணைப்பை விரும்பியோரும் வெறுத்தோரும் இங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். இரு சாராரிடமும் எவரும் கேட்கவில்லை.

பிரித்தானியாவில் கேட்டார்கள், ஆனால் பகுதிவாரியாக எண்ணிப் பார்க்க மறுத்தார்கள். இறைமையைப் பற்றி அடுத்து எழுதும்போது கட்டுரையாளர் இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுப்பாராக.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.